நிப்பாட்டி

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு என் வயிற்றில் பிறந்தது, ஒன்று என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. இந்த ஐந்தில் ஒன்றைக்கூட நான் ஊரார் முன்னால் தலைகுனிய விட்டதில்லை. என் இரண்டாவது மகனைத் தலைகுனிய வைத்தவன் ஒருவன் உண்டு. அவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பேரைச் சொல்ல மாட்டேன். கூட வேலை பார்த்த காலம் முழுக்க அவன் என் பேரைச் சொன்னதில்லை. அவன் பேரை நான் எதற்குச் சொல்ல வேண்டும்.

கம்பம் ஊருக்கு வடக்கே வாய்க்காலை ஒட்டி ஒரு கோல்டு ஸ்டோரேஜ் இருந்தது. நாங்கள் ஐஸ் கோடவுன் என்போம். திராட்சை, புளி, கேரளாவுக்கு ஜீப்பில் ஏறப்போகிற காய்கறி எல்லாம் அங்கே குளிரில் கிடக்கும். பேக்கிங் பார்க்கிற பெண்களுக்கு நான்தான் மேஸ்திரி. மகன் முருகேசன் மிஷின் ரூமில் ஆபரேட்டர். கம்ப்ரஸர் பக்கத்தில் அவனுக்கு என்று ஓர் இரும்பு நாற்காலி கிடந்தது. அவனை அந்த நாற்காலியில் உட்கார வைக்க நான் முதலாளி வீட்டு வாசலில் எத்தனை தடவை நின்றேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதிலிருந்து அவனை எழுப்பிவிட்டவன் இந்த ஆள்.

சேஃப்டி ஆபீசர் என்று வந்தான். தானாக நிற்கிற, தானாக மூடுகிற சாமான்களை எல்லாம் மாட்டுவதற்கு முதலாளி அவனை வரவழைத்திருந்தார். வந்த அன்றைக்கே டிரே ஏற்றிய வண்டியைக் கேட்டிலேயே நிறுத்தினான். சக்கரம் கழிவுத் தண்ணீர் ஓடையின் மூடி மேல் நின்றதாம். எங்கள் ரேடியோவை நிறுத்தினான். இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, விலக்கிவிடுவான் என்று பார்த்தோம். "மஞ்சக் கோட்டுக்கு அங்கிட்டுப் போயிச் சண்டை போடுங்க, இங்கன வண்டி வரும்" என்றான். அவர்களுக்குச் சண்டையே மறந்துபோயிற்று.

நிப்பாட்டி என்று பேர் வைத்தது ஆரோக்கியம். ராயப்பன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள், என் பக்கத்து மேசையில் பேக்கிங் பார்ப்பாள். "இவன் பெத்த அப்பன் பாடையக்கூட நிப்பாட்டி, பிரேக் இருக்கான்னு பாத்துட்டுத்தான் விடுவான் மதினி" என்றாள். அன்றிலிருந்து அவன் வருகிறான் என்றால் எங்களுக்குள் அந்தப் பேர்தான்.

ஒல்லியாக இருப்பான். சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போடுவான். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு பிளாஸ்க். அதில் வெந்நீர். எங்கள் டீயை ஒருநாள் ஒரு பொழுதுகூடக் குடித்ததில்லை. நல்லது கெட்டது விசாரித்ததில்லை. குரல் ஏறாது. கோபப்பட்டுக் கத்துகிறவனை நாமும் நான்கு கத்திவிட்டுச் சமாதானம் ஆகிவிடலாம். கோபமே வராமல் பேசுகிறவனை என்ன செய்ய முடியும்.

குளிர் அறைக்குள் போகிறவர்களுக்கு ரப்பர் கையுறை கொடுத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். எனக்குப் பதினாலு. அன்றிலிருந்து நான் பதினாலு.

"சார், எனக்கு எங்கய்யா வெச்ச பேரு ஒண்ணு இருக்கு" என்றேன் ஒருநாள்.

"இங்கன உங்க பேருல மூணு பேரு இருக்காக. புகைக்குள்ள ஆளத் தேடும்போது எந்தப் பேரச் சொல்லிக் கூப்புட?"

"புகை வராதப்பக் கூப்புடலாமில்ல?"

"ரெண்டு பழக்கம் வேணாம்."

பதில் எப்போதும் அவனிடம் இருக்கும். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தப்பாகப் பேசியிருந்தால் மென்று துப்பியிருப்பேன். சரியாகவே பேசிக்கொண்டு மனிதர்களைக் கால் தூசியாக நடத்தினால் எங்கே போய் முறையிடுவது.

சாப்பாட்டு நேரத்தில்தான் சங்கு ஊதுவான். பழக்கத்துக்காம். சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்து, கூரைக் கம்பத்தில் கட்டியிருக்கிற சிவப்புத் துணியைப் பார்க்க வேண்டும். துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் போகக் கூடாது. காற்று வருகிற பக்கமாக விலகிப் போய் நிற்க வேண்டும். ஒருநாள் நான் தூக்குவாளியோடு வந்து நின்றேன். ஆரோக்கியம் கருவாட்டுக் குழம்பை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவன் தலைகளை எண்ணிக்கொண்டே வந்து என் முன்னால் நின்றான். "வாளியோட வந்தவுக செத்துட்டாகன்னு வெச்சுக்கிறேன்."

"செத்தவளுக்கு இன்னும் பசிக்குது சார்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மறுபடி உள்ளே போய், மறுபடி வரச் சொன்னான். என் ஒருத்திக்காக அத்தனை பேரும் திரும்பப் போய்த் திரும்ப வந்தோம். அதற்குள் ஆரோக்கியத்தின் குழம்பை நாய் முடித்திருந்தது. "நாய்க்குப் படையல் போட்டாச்சு. இனி அதுதான் வந்து நம்மளக் காப்பாத்தணும்" என்றாள் அவள். அவன் காதில் விழுந்திருக்கும். அவனுக்கு அதெல்லாம் காற்று.

அவன் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மிஷினைக் குளிர வைப்பது அமோனியா கேஸ். பழைய குழாய், பழைய வால்வு. எப்போதாவது கசியும். மூக்கில் ஊசி குத்தின மாதிரி இருக்கும். நாங்கள் கேட் பக்கம் ஓடுவோம். என் மகன் ஓட மாட்டான். துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, ஸ்பானரோடு உள்ளே போவான். வால்வை மூடிவிட்டுக் கண் சிவக்க வெளியே வருவான். ஆண்கள் ஹோஸ் பிடித்துத் தண்ணீரை அடித்துக் கேஸை அமத்துவார்கள். முதலாளி பொங்கலுக்கு அவனுக்கு மட்டும் தனியாக வேட்டி எடுத்துக் கொடுப்பார். அவன் தெருவில் நடந்தால், கேஸுக்குள்ள போன ஆளு என்று காட்டுவார்கள். பெற்றவளுக்கு வேறு என்ன வேண்டும்.

அமத்தின தண்ணீர் ஓடை வழியாக வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் குளத்துக்குப் போகும். இரண்டு நாளில் குளத்தில் மீன் மல்லாந்து மிதக்கும். குளத்தைக் குத்தகை எடுத்தவர் வந்து கேட்டில் நின்று கத்துவார். கோடவுனுக்குக் கிழக்கே எனக்கும் கொஞ்சம் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. கேஸ் அடித்த மறுநாள் ஓரத்து வரிசையில் இலை எல்லாம் தணலில் வாட்டின மாதிரி கருகித் தொங்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மருந்தடிப்போம். மழை பொய்த்தால் என்ன செய்வோமோ அதையே செய்தோம். குளத்துக்காரர் விடவில்லை. கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தார், நோட்டீஸ் வந்தது. நோட்டீஸுக்குப் பின்னால் நிப்பாட்டி வந்தான்.

அவன் செய்த வேலையில் நான் குறை சொல்ல மாட்டேன். கேஸ் மேலே ஏறும் என்று கூரையடியில் சோடா மூடி அளவுக்கு வாய் வைத்த சென்சார்களை மாட்டினான். கேஸ் அதன் வாயில் பட்டால் போதும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. சங்கு ஊதும், கம்ப்ரஸர் நிற்கும், குழாயில் வால்வு மூடிக்கொள்ளும், கூரையிலிருந்து தண்ணீர் பொழியும். ஓடையில் ஒரு தகரக் கதவு விழும். அது விழுந்தால் ஒரு சொட்டுக்கூட வாய்க்காலுக்குப் போகாது. பூமிக்குள் கட்டின தொட்டிக்குப் போய் அடங்கும்.

இத்தனை எதற்கு என்று முதலாளி கேட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"வாய்க்கால்ல விட்ட தண்ணியத் திருப்பிக் கூப்புட முடியுமா சார்?" என்றான். "நிக்கத் தெரியாத மிஷின் ஊரக் கெடுக்கும். மொதல்ல இது நிக்கணும். அப்பத்தான் வாய்க்கால் ஓடும்."

நன்றாகத்தான் இருந்தது பேச்சு. நானும் தலையாட்டினேன். அடுத்து என் வீட்டில் கைவைக்கப் போகிறான் என்று தெரியாமல் ஆட்டின தலை.

சாப்பாடு முடிந்து நாங்கள் மிஷின் ரூமைத் தாண்டி வரும் நேரம். கதவு திறந்திருந்தது. முருகேசன் நாற்காலியில் உட்கார்ந்து மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிப்பாட்டி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தான். பஞ்சு அடைப்பை எடுத்தான். வாசலில் நின்ற ஆரோக்கியம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்ன கருமம் இது" என்றாள். என் மகன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"முருகேசா, என்ன வாசம் வருது?"

"ஒண்ணும் வரலையே சார்."

பாட்டிலை அவன் மூக்குக்குக் கீழேயே கொண்டுபோனான். "இப்ப?"

"ஒண்ணும் இல்ல சார். என்ன அது, தண்ணியா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவன் பாட்டிலை மூடினான்.

"உன் மூக்கு செத்துப்போச்சு. நாளையிலருந்து இங்கன உக்காரக் கூடாது. டிரே அடுக்குற இடத்துக்குப் போயிரு."

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லியிருக்கலாம், நான் பக்குவமாகச் சொல்லியிருப்பேன். அத்தனை பெண்களுக்கு முன்னால், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி நடந்தான். என் மகன் துடைத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அதுவரை குனியாத தலை.

அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போதுதான் எனக்கு உறைத்தது. குழம்பு அடிப்பிடித்தாலும் ரசம் ஊசிப்போனாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவான் முருகேசன். மற்ற நாலும் ஆயிரம் குறை சொல்லும். ஆத்தா கை என்று மதித்துச் சாப்பிடுகிறது இந்தப் பிள்ளைதான் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமையையும் அந்த ஆள் பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவன் அறைக்குப் போனேன். கண்ணாடி போட்ட அறை. மிஷின் ரூமில் இருந்த சுவிட்சு, விளக்கு எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து வைத்திருந்தான். இனி மிஷின் பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாமாம்.

"எம்மகன் மீச மொளைச்ச நாள்லருந்து இந்த மிஷினப் பாக்குறான் சார்."

"அதனாலதான் மூக்கு போச்சு."

"கேஸுக்குப் பயந்து ஒருநாள் ஓடுனவன் இல்ல."

"ஓடியிருக்கணும்."

"துண்டக் கட்டிக்கிட்டு உள்ள போயி அடைச்சவன். அதுக்கு மொதலாளி வேட்டி எடுத்துக் குடுத்தாக, தெரியுமா?"

"செத்திருந்தா கோடித்துணி எடுத்துக் குடுத்திருப்பாக."

பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது. "ஒங்களுக்குப் புள்ள இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

"அவனையும் இப்படித்தான் ஊரக் கூட்டி வெச்சு மோந்து பாக்கச் சொல்லுவீகளா?"

கொஞ்சம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "மிஷின் ரூம்ல உக்கார வெச்சா, சொல்லுவேன்."

"எம்மகன் திரும்ப அந்த நாற்காலியில உக்காருவான். நீங்க பாக்கத்தான் போறீக."

"அந்த நாற்காலிய எடைக்குப் போட்டாச்சும்மா" என்றான்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை நம்பர் சொல்லாமல் அம்மா என்று கூப்பிட்டான். அது என் காதில் இனிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வெளியூர்க்காரன் என்றால் நம் பழக்கம் தெரியாமல் செய்தான் என்று விட்டிருப்பேன். இவன் தேனி பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர் மகன். பூஜைக்குக் கடைத் தராசுக்குப் பொட்டு வைத்து வளர்ந்தவன்தான்.

வருஷா வருஷம் மிஷின் ரூமுக்குச் சந்தனம் வைப்பது முருகேசன். நாற்காலி போனாலும் அந்த உரிமை போகக் கூடாது என்று நான்தான் அவனை அனுப்பினேன். கம்ப்ரஸருக்கு வைத்தான், மோட்டாருக்கு வைத்தான், ஏணி போட்டு ஏறிக் கூரையடியில் இருந்த சென்சார்களுக்கும் வைத்தான். புதிதாக வீட்டுக்கு வந்த மருமகளை விட்டுவிட்டா பொட்டு வைப்போம். வட்டமாக, பளபளவென்று, பொட்டு வைக்கிறதற்கென்றே செய்த நெற்றி மாதிரிதான் அதன் வாயும் இருந்தது. நல்ல கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம். கீழேயிருந்து பார்க்க லட்சணமாக இருந்தது.

முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். வீட்டு அம்மாவும் வந்தார்கள். பூசாரி கற்பூரத்தை ஏற்றித் தட்டைத் தூக்கினார். அப்போது நிப்பாட்டி அண்ணாந்து பார்த்தான்.

"ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க."

பூசாரி தட்டோடு அப்படியே நின்றார். இவன் ஏணியில் ஏறினான். அதே பாட்டிலை எடுத்து, சந்தனம் பூசின சென்சாருக்குக் கீழே பிடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. கீழே எல்லாருக்கும் காட்டுகிற மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தான். பிறகு கைக்குட்டையால் சந்தனத்தை வழித்தான். ஊசி மாதிரி ஒன்றால் அதன் வாயில் இருந்த வலைக்கண்ணைக் குத்தித் துடைத்தான். மறுபடி பிடித்தான்.

சங்கு ஊதியது. கம்ப்ரஸர் நின்றது. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. முதலாளி நனைந்தார், பட்டு நனைந்தது, தட்டில் கற்பூரம் உஸ்ஸென்று அணைந்தது. ஓடையில் தகரக் கதவு டொம்மென்று விழுந்தது. நாங்கள் பழக்கதோஷத்தில் சிவப்புத் துணியைப் பார்க்க வெளியே ஓடினோம். ஆரோக்கியம், "நல்ல வேள, எங்க கோயில்ல மிஷினுக்குப் பூச கெடையாது" என்று என் காதில் சொல்லி ஓடிக்கொண்டே சிரித்தாள்.

அவன் ஏணியிலிருந்து இறங்கிச் சொன்னது ஒன்றுதான். "பொட்ட உடம்புல வைங்க. மூக்குல வைக்காதீக."

கற்பூரம் அணையலாமா, யாரால் அணைந்தது என்று முதலாளி வீட்டு அம்மா கேட்டார்கள். என் மகன் ஓரத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றான். நிப்பாட்டி அவன் பக்கம் கையைக் காட்டவில்லை. "தண்ணியால" என்றான். அதைப் பெருந்தன்மை என்கிறான் முருகேசன். பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுகிற ஆள் அவன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு திராட்சைக் காலத்தில், மத்தியானத்தில், சங்கு ஊதியது. வழக்கமான ஒத்திகை என்று திட்டிக்கொண்டே எழுந்தோம். மேசையில் பழம் குவிந்து கிடந்தது. வாசலுக்கு வந்ததும்தான் கவனித்தேன். கம்ப்ரஸர் சத்தம் இல்லை. ஒத்திகையில் சங்கு மட்டும்தான் ஊதும், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். மிஷின் ரூம் ஜன்னல் இடுக்கில் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. பழைய குழாய் ஒன்று மூட்டில் விட்டிருக்கிறது. துணி கேட் பக்கம் பறந்தது. நாங்கள் கேட்டுக்குப் போகவில்லை. வாய்க்கால் மேட்டுப் பக்கமாகப் போனோம். பழைய காலமாக இருந்தால் அத்தனை பேரும் கேட்டில் போய்க் கேஸுக்குள் நின்றிருப்போம். அதைச் சொல்லத்தான் வேண்டும், சொல்லிவிட்டேன்.

முருகேசன் டிரே அடுக்குகிற இடத்தில் இருந்தான். அவன் மேட்டுப் பக்கம் வரவில்லை. குழாயடியில் துண்டை நனைத்தான், முகத்தில் கட்டினான், மிஷின் ரூமைப் பார்த்து ஓடினான். நான் போகாதே என்று கத்தவில்லை. அவன் போவான், அடைப்பான், வருவான். நாற்காலி அவனுக்குத் திரும்பி வந்துவிடும். என் மனசில் அதுதான் ஓடியது.

நிப்பாட்டி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தான். ஓடுகிறவன் முன்னால் போய் நின்றான். என் மகன் அவனைத் தள்ளிவிட்டுப் போகப் பார்த்தான். இவன் காலைக் குறுக்கே விட்டான். என் மகன் ஜல்லியில் முகம் அடித்து விழுந்தான். அந்த ஒல்லிக்குச்சி அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"விடுங்க சார், வால்வு."

"அடைச்சாச்சு."

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல. யாரும் இருக்கக் கூடாதுன்னுதான் உன்ன எழுப்புனேன்."

கண்ணாடி அறையில் ஒரு பச்சை விளக்கைக் கையால் காட்டினான். வால்வு மூடிவிட்டதற்கு அதுதான் அடையாளமாம். ஜன்னல் இடுக்கில் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. உள்ளே தண்ணீர் பொழிகிற சத்தம் கேட்டது. ஹோஸ் பிடிக்க ஒருவரும் இல்லை. என் மகன் வாயிலிருந்து ரத்தம் ஜல்லியில் சொட்டியது. முன் பல் ஒன்று போய்விட்டது. நான் ஓடிப்போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "எந்திரிய்யா எம்மகன் மேலருந்து" என்றேன். எழுந்தான். சட்டையில் இருந்த மண்ணைத் தட்டினான். "பதினாலு, கோட்டுக்கு அங்கிட்டுப் போங்க" என்றான்.

சாயந்தரம் பந்தலுக்குப் போனேன். ஓரத்து வரிசையில் ஓரிலைகூட வாடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் எப்போதும் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது, கொக்கு நின்றது, அதன் காலடியில் குஞ்சு மீன் ஓடியது. குளத்துக்காரர் அந்த வருஷம் கேட்டுக்கு வரவே இல்லை. அவனுடைய மிஷினால் வாய்க்கால் தப்பித்தது, குளம் தப்பித்தது, என் பந்தலும் தப்பித்தது. முருகேசன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் செத்த மூக்கோடு அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்திருப்பான். எல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தன் நல்லது செய்தால் அவன் நல்லவன் ஆகிவிடுவானா. அன்றைக்குப் பந்தலடியில் நின்று நான் நினைத்தது பல்லைத்தான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து முருகேசனைக் கூப்பிட்டு அனுப்பினான். சென்சார்களைத் துடைத்து, சோதித்து, பார்த்துக்கொள்ளுகிற வேலை அவனுக்கு என்றான். கண்ணாடி அறையில் நாற்காலி. மெத்தை வைத்தது, மேலே ஃபேன். சம்பளம் கூடுதல். என் மகன் வாயில் தையலோடு சிரித்துக்கொண்டு வந்து சொன்னான். எனக்குச் சந்தேகம். வாயை உடைத்ததற்குப் பரிகாரம் செய்கிறானோ என்று அவனிடமே போய்க் கேட்டேன்.

"பரிகாரமா?" என்றான். அந்தச் சொல்லே அவனுக்குப் புதுசு போல இருந்தது. "மூக்கு உள்ளவனப் போட்டா, வாசம் வரலையே, சென்சாரப் பெறகு தொடைப்போம்னு இருப்பான். இவனுக்குச் சென்சார் விட்டா நாதி இல்ல. ஒழுங்காத் தொடைப்பான்."

"மூக்கு செத்ததுன்னு எந்திரிக்கச் சொன்னீக. இப்ப மூக்கு செத்ததுன்னே உக்காரச் சொல்றீக."

"ஆமா."

"அன்னைக்கு ஊரு முன்னால அவன அப்படிப் பண்ணுனதுக்கு ஒரு வார்த்த. தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் எல்லாத்தையும் விட்டுர்றேன்."

"தப்பு இல்லையேம்மா. சரியாத்தான செஞ்சேன்."

அந்த வார்த்தையைத்தான் நான் இன்னும் செமித்துக்கொண்டிருக்கிறேன். செமிக்கவில்லை.

கொஞ்ச காலத்தில் வேறு ஊர்க் கோடவுனுக்குப் போய்விட்டான். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தான் என்று வாட்ச்மேன் சொன்னார். பொங்கலுக்கு முருகேசன் அவனுக்குப் போன் போடுவான். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். "தொடைச்சியா?" என்பான். "தொடைச்சேன் சார்" என்பான் இவன். வைத்துவிடுவான். வாழ்த்து அவ்வளவுதான். அதற்கு என் மகன் முகத்தில் ஒரு வெளிச்சம். நான் எடுத்துக் கொடுத்த எந்த வேட்டிக்கும் வராத வெளிச்சம்.

எனக்குச் சங்கடம் எல்லாம் இதுதான். நாற்காலி திரும்பி வந்தது, மகன் வரவில்லை. அவன் பேசுகிறதெல்லாம் அந்த ஆள் பேச்சு. என் அடுப்புக்கு மேலே ஒரு சென்சாரை மாட்டி வைத்திருக்கிறான். மிளகாய் தாளித்தால் ஊளையிடுகிறது. எழுபத்துமூன்று வயதில் என் அடுப்படியில் என்னைத் தாளிக்கவிடாமல் நிறுத்துகிறது. அதைக் கழற்றடா என்றால், "நிக்கத் தெரியாத அடுப்பு வீட்டக் கெடுக்கும் ஆத்தா" என்கிறான். ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். பல் கட்டிக்கொள்ளச் சொன்னேன். மாட்டேன் என்கிறான். அந்த ஓட்டையைப் பதக்கம் மாதிரி வைத்துக்கொண்டு திரிகிறான்.

எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு வாசிக்கவும் தெரியும். இவ்வளவையும் நான் சொல்லச் சொல்ல முருகேசன் மகள் மலர் எழுதினாள். பாதியில் பேனாவை வைத்துவிட்டாள்.

"அப்பத்தா, இம்புட்டையும் அப்பா கேட்டா வருத்தப்படுவாக."

"படட்டும். எழுது."

"அந்த சார் இல்லைன்னா அப்பா இருந்திருக்க மாட்டாகன்னு நீங்களே சொல்லிட்டீக. பெறகு எதுக்கு ஏசுறீக?"

"அதையும் எழுதிட்டேல்ல. இதையும் எழுது."

எழுதி முடித்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது. முருகேசன்தான், வேலை முடிந்து வந்துவிட்டான். அவள் தாளை மடிக்கப் பார்க்கிறாள். மடிக்காதே மலர். முதலிலிருந்து ஒரு தடவை வாசி. முணுமுணுக்காதே. உங்கப்பனுக்கு மூக்குதான் போயிற்று, காது நன்றாக இருக்கிறது. சத்தமாகவே வாசி.